பெயரிடப்படாத சாலை

எங்கள் ஆவாரம்பேட்டையில் பழைய பஞ்சு மில்லின் மதில்சுவர் சந்தை வளைவில் தொடங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரே நீளமாக, இடையில் ஒரு சந்துபொந்துகூட இல்லாமல், சினிமா போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் காதுகுத்து வாழ்த்தும் சுமந்துகொண்டு நிற்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போனுக்குள் உட்கார்ந்து வழி சொல்கிற அந்த அம்மாளுக்கு மட்டும்தான். வைகாசி மாதத்து உச்சிவெயிலில், தோளில் பார்சல் பையும் வண்டியில் ஒட்டிய போனுமாக வந்துகொண்டிருந்த கூரியர் மாடசாமியிடம் அவள், "இடப்பக்கம் திரும்பவும்" என்றாள். மாடசாமி திரும்பினான். அங்கே ஒரு தெரு இருந்தது.

மாடசாமியைத் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்க மாட்டார்கள். போன வருஷம் அடைமழையில் அவள் "நேராகச் செல்லவும்" என்று சொன்னதைக் கேட்டு நேராகக் கண்மாய்க்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் பார்சல் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப எங்கிட்டுப் போகணும் தாயி?" என்று போனிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டு நின்ற ஆள் அவன். கண்ணு தப்பாப் பார்த்தா என்னைக்காவது ஒத்துக்கிடுதா, போனாவது வேற வழி தேடுறேன்னு சொல்லுது, என்பது அவன் கட்சி.

நான் பாக்கியம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் என் கைரேகை மிஷினில் விரல் வைத்துத் தேய்க்காதவர்கள் யாரும் கிடையாது. ரேகை விழவில்லை என்று நான் திட்டாதவர்களும் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம்தான், என்ன செய்ய, நான் பேசாவிட்டால் வரிசை நகராது. மாடசாமியும் அவன் பெண்டாட்டி செண்பகமும் அப்போது என் கடையின் பின்னறையில், பழைய கம்ப்யூட்டர் டப்பாக்களுக்கு நடுவே, ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வுமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். செண்பகம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற பெண். ஊருக்கே ரத்தம் எடுத்தவளுக்கு ஊரில் ஒரு வீடு கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், எங்கள் ஊர் நாகரிகமான ஊர், இங்கே யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. சத்தியமாகக் கேட்பதில்லை. "சொந்த ஊரு எது?" என்பார்கள். சொன்னால், "அப்படியா, நல்ல ஊராச்சே, அங்கன எந்தத் தெரு?" என்பார்கள். அவ்வளவுதான். மேலத்தெருவா, கீழத்தெருவா, கோயில் தெருவா, காலனியா என்று தெரிந்துவிட்டால் ஆதியோடு அந்தமாக எல்லாம் தெரிந்த மாதிரி. அவளுக்கு ஒரு தெரு, அவனுக்கு ஒரு தெரு, இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்க்காத தெருக்கள். மாடி வீட்டுக் குருசாமி, பாத்திரக்கடை முதலாளி, எங்கள் வார்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிற மனிதர், அவருடைய மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். நல்லபடியாகப் பேசினார். தெரு வந்தது. உடனே மாடிக்கு மராமத்து வேலையும் வந்துவிட்டது. அந்த மராமத்து இன்றுவரை நடக்கவில்லை, நான் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

இப்படி இருக்கையில், செண்பகத்துக்கு வயிற்றில் பிள்ளை தங்கி நான்கு மாதம் ஆகியிருக்கையில், பிள்ளை பிறந்தால் எந்த டப்பாவுக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டுவது என்று அவள் ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருக்கையில்தான், மாடசாமி வேர்த்து விறுவிறுத்து வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, மில் சுவத்துக்குள்ள ஒரு தெரு இருக்கு. வீடெல்லாம் சும்மா தெறந்து கெடக்கு. குழாய்ல நல்ல தண்ணி வருது."

"யாரு வீடு?"

"ஒருத்தரும் இல்ல. போன்ல பார்த்தேன், 'பெயரிடப்படாத சாலை'ன்னு போட்டிருக்கு."

"எந்தத் தெருன்னு கேக்க அங்க ஆள் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்னடா நின்னுக்கிட்டிருக்க? பாயச் சுருட்டு!"

அன்றைக்குச் சாயங்காலமே கிளம்பிவிட்டோம். மாடசாமி முன்னால், செண்பகம் பால் பாத்திரத்தோடு நடுவில், நான் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பின்னால். போன் சொன்ன இடத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நேராகத் திரும்பும்போது, இன்றைக்கு நம் மூக்கு உடைந்தது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தால் வேப்பமர நிழல். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள், சுண்ணாம்பு வாசனை, ஒரு தவிட்டுக் குருவி. மூன்றாவது வீட்டில் பால் காய்ச்சினோம். பால் பொங்கியபோது செண்பகம் அழுதாள், நானும் அழுதேன், மாடசாமி போனை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான்.

ஊருக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? மறுநாளே கூட்டம். போனில் வழி போட்டுக்கொண்டு வந்தவர்கள் உள்ளே போனார்கள். போடாமல் வந்தவர்கள் சுவரில் முட்டி நெற்றியைத் தடவிக்கொண்டார்கள். நாய்களுக்கும் காக்கைகளுக்கும் போன் தேவைப்படவில்லை, ஆனால் மாடுகளுக்குத் தேவைப்பட்டது, ஏனென்று யாரும் கேட்கவில்லை. பால்காரர் சங்கிலி தன் பழைய போன் ஒன்றைப் பசுவின் கழுத்தில் மணிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். பசுவும் "இடப்பக்கம் திரும்பவும்" என்று கேட்டதும் காதை ஆட்டிவிட்டுத் திரும்பப் பழகிக்கொண்டது. மின்வாரியத்திலிருந்து மீட்டர் மாட்ட வந்தவர் வேலையை முடித்துத் திரும்பும்போது போனில் சார்ஜ் இறங்கிவிட, வெளியே வர வழியில்லாமல், சார்ஜ் ஏறுகிற வரைக்கும் ஹலீமா அக்கா வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து அந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம் அவர் போனில் சார்ஜே இருப்பதில்லை, பாவம்.

இந்த ஹலீமா அக்கா, தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு இல்லை என்று ஊரெல்லாம் கைவிரித்ததால் வந்தவள். அவளுக்குப் பின்னால், கறி சமைப்பீர்களா என்ற கேள்வியில் தோற்றவர்கள் வந்தார்கள், கூத்துக்கட்டுகிற ஆளா என்ற கேள்வியில் தோற்றவர்கள் வந்தார்கள், பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டு கிழவனும் கிழவியுமாக வந்தார்கள், திருநங்கைகள் மூன்று பேர் ஒரு கிளிக்கூண்டோடு வந்தார்கள். வீடு தீர்ந்துபோகும் என்று பார்த்தால், வருகிறவர்களுக்குத் தக்கபடி தெரு நீண்டுகொண்டே போனது. கட்சிக்காரர்கள் கொடிக்கம்பம் நடக் குழி தோண்டினார்கள். காலையில் பார்த்தால் குழி தூர்ந்து அதில் கீரை முளைத்திருந்தது. மூன்று கட்சியும் முயற்சி செய்து, கடைசியில் கீரையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனித் திருவிழாவில் அம்மன் சப்பரத்தில் ஒரு போனைக் கட்டிவைத்தோம். அவளும் மேளதாளத்தோடு இடப்பக்கம் திரும்பி உள்ளே வந்து, எல்லா வீட்டுத் தேங்காயையும் வாங்கிக்கொண்டு போனாள்.

பெரிய மனிதர்கள் முதலில் இதைக் கண்கட்டு என்றார்கள். பிறகு போன் செய்கிற மாயம் என்றார்கள். நான் சொன்னேன், "ஏன் சாமி, நீங்க உசுரோட இருக்கிறதையே வருசா வருசம் எங்கிட்ட வந்து மிஷின்ல வெரல் வச்சுத்தான பென்ஷனுக்கு நிரூபிக்கிறீங்க? மிஷின் ஆமான்னு சொன்னா நீங்க இருக்கீங்க. தெரு மட்டும் இருக்கக் கூடாதா?"

ஆனால் உண்மையான வேடிக்கை வேறு. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேட்காமல் இருக்க முடியாது, நாக்கு அரிக்கும். கல்யாணத் தரகர் சுடலைமுத்து, அந்தத் தெருவிலிருந்து வந்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு டீச்சரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"எந்தத் தெரும்மா?"

"பெயரிடப்படாத சாலை."

"அதான், அங்க எந்தப் பக்கத்து ஆளுங்க இருக்காங்க?"

"ரெண்டு பக்கமும் இருக்காங்க."

சுடலைமுத்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தார். நாற்பது வருஷமாகச் சாவி போட்ட மாதிரி எல்லாப் பூட்டையும் திறந்த கேள்வி, முதல் தடவையாக எதையும் திறக்காமல் கையிலேயே நின்றது. பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், மருந்துக்கடையில், எங்கே கேட்டாலும் இதே பதில்தான். கேட்டவர்கள் விழித்தார்கள், சொன்னவர்கள் சிரித்தார்கள். மாடசாமிக்கு அந்தப் பதிலைச் சொல்வதில் அப்படி ஒரு சந்தோஷம், யாரும் கேட்காவிட்டாலும் அவனே போய்ச் சொல்லிவிட்டு வருவான்.

செண்பகத்துக்கும் மாதம் ஏறிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டவுடனே ஓடி வந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிற பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அதுக்கென்ன, தெருமுனையில இருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்தான" என்றாள் செண்பகம்.

அப்போதுதான் ஐப்பசியில் ஒரு காலை, ஊரில் இருக்கிற எல்லாப் போனும் ஒரே நேரத்தில் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால், 'இந்தச் சாலையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு கேள்வி. கீழே ஒரு காலிக் கட்டம்.

ஐயோ, அந்தக் கட்டம் செய்த வேலையை என்னவென்று சொல்ல! காலி மனை கண்டால்கூட எங்கள் ஆட்கள் அப்படிப் பறக்க மாட்டார்கள். அன்றுவரை அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்கெல்லாம் அது தங்கள் பாட்டன் நடந்த மண் என்பது திடீரென்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சங்கமும் கூட்டம் போட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தாத்தா கிடைத்தார். ஆளாளுக்குத் தங்கள் தாத்தா பெயரை அடித்து அனுப்ப, தெரு ஒருநாள் கொஞ்சம் மங்கலாகவும் ஒருநாள் கொஞ்சம் சாய்வாகவும் தெரிந்தது. கடைசியில் குருசாமிதான் ஜெயித்தார். கல்யாண மண்டபத்தில் தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் வடை பாயசத்தோடு விருந்து வைத்து, கை கழுவியதும் போனை எடுக்கச் சொல்லி, ஒரே மூச்சாக எல்லோரையும் அனுப்பவைத்தார். போன் அம்மாள் ஏற்றுக்கொண்டாள். பெயர் விழுந்துவிட்டது. அது என்ன பெயர் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் குருசாமி எந்தத் தெரு என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பெயர் விழுந்த மதியம் மாடசாமி சந்தையில் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தான். செண்பகம் போனில் கூப்பிட்டாள். "இடுப்பு வெட்டுதுங்க. சீக்கிரம் வாங்க." வண்டியை முறுக்கிக்கொண்டு சுவருக்கு வந்தான். போன் அம்மாளோ, "இங்கே சாலை எதுவும் இல்லை" என்றாள். அவன் மறுபடி போட்டான். இல்லை என்றாள். நிறுத்திப் போட்டான், அணைத்துப் போட்டான், "தாயி, வெளையாடாத தாயி" என்று கெஞ்சினான். அவள் சொன்னதையே சொன்னாள். சுவரில் கையால் அறைந்தான். சுவர் சுவராகவே இருந்தது. 108 வண்டி வந்து நின்றது. அதன் டிரைவருக்கும் சாலை இல்லை. உள்ளேயிருந்து ஹலீமா அக்கா போனில் அழுதாள், "எங்களுக்கும் வெளிய வர வழி தெரியல மாடசாமி, எங்க பார்த்தாலும் சுவரா நிக்கிது, புள்ள துடிக்கிறா."

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். என் போனிலும் இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பெயர் விழுந்த சந்தோஷத்தில் மாலையும் கழுத்துமாகத் தன் ஆட்களோடு குருசாமி வந்தார். தாத்தா பெயரைப் போர்டாக எழுதி, பெண்டாட்டி விசாலத்தையும் கூட்டிக்கொண்டு, பூசை போட்டு மாட்ட வந்திருக்கிறார். அவர் கையில் இருந்த போன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தேன் ஒழுக, "இடப்பக்கம் திரும்பவும்" என்றது.

108 டிரைவர் அந்தப் போனையே வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார், சுவரில் முட்டிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பெயருக்குத் தக்க ஆட்களுக்கு மட்டும்தான் இனி வழி. எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

மாடசாமி அவர் முன்னால் போய் நின்றான். காலில் விழுவான் என்று நினைத்தேன், விழவில்லை. "ஐயா, உள்ள எம்பொண்டாட்டி. புள்ள குறுக்க கெடக்கு. அந்தப் பேர எடுத்துருங்க ஐயா" என்றான்.

குருசாமி போனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பின்னால் நின்ற தன் சொந்தங்களைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அத்தனை கண் பின்னால் இருந்தால் யாருக்குத்தான் கழுத்து திரும்பும்? "அது... சங்கத்துல கலந்துதான்..." என்று இழுத்தார்.

விசாலம் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். "கலந்து பேசுற நேரமாய்யா இது? அந்தப் புள்ள உங்களுக்கு எத்தன தடவ ரத்தம் எடுத்திருக்கா! வலிக்குதான்னு கேட்டுக் கேட்டு எடுப்பா. அப்ப எந்தத் தெருன்னு கேட்டீகளா? உங்க தாத்தா இருந்தா உங்களச் செருப்பால அடிப்பாரு!" என்று கையிலிருந்து போனைப் பிடுங்கி, கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்துப் பார்த்து, 'இந்தப் பெயர் தவறு' என்பதை அழுத்திவிட்டாள்.

'சரியான பெயர் என்ன?' என்று கட்டம் வந்தது. விசாலம் ஒன்றும் எழுதாமல் அனுப்பினாள். 'நன்றி. மற்றவர்களும் உறுதிப்படுத்தக் காத்திருக்கிறோம்' என்று வந்தது.

அப்போது எனக்கு எங்கிருந்து அந்தத் தொண்டை வந்ததோ தெரியாது. "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? எல்லாரும் போன எடுங்க! தப்புன்னு அமுக்குங்க! பேர் கேட்டா ஒருத்தரும் ஒண்ணும் எழுதக் கூடாது, எழுதின கைய அடுத்த தடவ எம்மிஷின்ல வச்சுருவீங்களா பார்த்துருவோம்!" குருசாமியின் பெயர் விழுந்ததில் வயிறு எரிந்துகொண்டிருந்த மற்றச் சங்கத்துக்காரர்கள், தப்பு என்று அமுக்குவதற்குச் சொல்லவா வேண்டும், சந்தோஷமாக அமுக்கினார்கள். ஆனால் அடுத்து அந்தக் காலிக் கட்டம் வந்தபோது ஒவ்வொருவர் விரலும் நின்றது. ஒவ்வொருவர் நாக்கு நுனியிலும் ஒரு தாத்தா நின்றார். உள்ளேயிருந்து, அவ்வளவு தடித்த சுவரைத் தாண்டி, செண்பகத்தின் அலறல் கேட்டது. முதலில் தரகர் சுடலைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு காலியாக அனுப்பினார். பிறகு பால்காரர். பிறகு கட்சிக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், போர்டைத் தூக்கிக்கொண்டு வந்த குருசாமியின் தம்பி மகன். கடைசியாகக் குருசாமியே விசாலத்தின் கையிலிருந்து போனை வாங்காமல், தம்பி மகனின் போனை வாங்கி அமுக்கினார்.

மாடசாமியின் போன் கரகரத்துவிட்டு, "இடப்பக்கம் திரும்பவும்" என்றது. அட, அன்றைக்கு ஊரே திரும்பியது! ஆம்புலன்ஸ் முன்னால், மாடசாமி அதன் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் பின்னால், குருசாமியின் பூசைக்கு வந்த நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே கூட வர, நுழைந்தோம். ஹலீமா அக்காவும் அந்தத் திருநங்கைப் பெண்களும் செண்பகத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நல்ல கறுப்பு, நல்ல தொண்டை.

காயம் ஆறித் தையல் பிரித்து, பிள்ளையோடு அவர்கள் வீட்டுக்கு வந்த அன்று தெருவில் கால் வைக்க இடமில்லை. போனில் அந்தச் சாலை மறுபடி பெயர் இல்லாமல் கிடந்தது. கேள்வி இப்போதும் சில நேரம் வரும், எங்கள் ஊரில் அதைப் பார்த்ததும் ஈ ஓட்டுகிற மாதிரி விரலால் தள்ளிவிடுவார்கள். ஹலீமா அக்கா இடியாப்பம் அவித்து அவித்துப் போட்டாள், மீட்டர்காரர் பரிமாறினார். செண்பகம் வாசலுக்கு நேராக நாற்காலி போட்டு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விசாலம் கையில் வெள்ளித் தண்டையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் குருசாமி. விசாலம் படியேறினாள், அவர் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டார், பிறகு மறுபடி மாட்டிக்கொண்டார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பாத்திரக்கடை முதலாளி, வார்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிற மனிதர், வாசல் வெயிலில் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

செண்பகம் அவரைப் பார்த்தாள். தெரு முழுக்க அவளைப் பார்த்தது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெல்ல எழுந்து, நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"என்னங்க வெயில்ல நிக்கிறீங்க? இது எங்க வீடுதான். உள்ள வாங்க."